கனமான பக்கங்களும் அம்மாவின் கைப்பேசியும்

அன்புள்ள ஐயா,

செந்தூலில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பள்ளிக்கு வந்து பேசிய ஒருவர், அரை மணி நேரம் இணையத்தில் படம் பார்ப்பது வெளியாகும் கரியமிலவாயுவில் ஆறு கிலோமீட்டர் கார் ஓட்டுவதற்குச் சமம் என்றார். அன்றிலிருந்து உங்கள் கதைகளைப் பிள்ளைகளுக்கு அச்சிட்டே கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். இன்னொன்று: என் அம்மாவின் ஏழு வருடக் கைப்பேசியில் உங்கள் இணையப் பக்கம் திறப்பதே இல்லை. அவர் விரும்பி வாசிப்பவர்.

வாசகி, செந்தூல்

அன்புள்ள ஆசிரியைக்கு,

வணக்கம். அந்தக் கார்க் கணக்கு 2019-இல் பிரான்சின் ஷிஃப்ட் புராஜெக்ட் ஆய்வுக்குழுவிடமிருந்து வந்தது. தரவை அளக்கும் பிட்டையும், எட்டு பிட் கொண்ட பைட்டையும் குழப்பிக்கொண்டதால் தொகை எட்டு மடங்கு கூடிவிட்டதென்று அவர்களே பின்னர் திருத்திவிட்டார்கள். 2021-இல் பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் அமைப்பு, ஐரோப்பியச் சராசரியாக ஒரு மணி நேரம் படம் பார்க்கச் சுமார் 55 கிராம் கரியமிலவாயு என்று மதிப்பிட்டது. அதிலும் பாதிக்கு மேல் வீட்டில் ஓடும் தொலைக்காட்சி போன்ற கருவிகளின் பங்கு. பிள்ளைகளிடம் திருத்திய கணக்கைச் சொல்லுங்கள். பயமுறுத்தி மனத்தில் பதிய வைத்த எண் பொய் என்று தெரியவரும் நாளில், மெய்யான கவலையையும் அவர்கள் சேர்த்தே உதறிவிடுவார்கள்.

மெய்யான கவலை இருக்கிறது. 2024-இல் இணையத் தரவைச் சேமித்து அனுப்பும் கணினிக் கூடங்களான தரவு மையங்கள் உலகெங்கும் சுமார் 415 டெராவாட் மணி மின்சாரத்தைச் செலவிட்டன என்று பன்னாட்டு எரிசக்தி முகமை கணக்கிட்டுள்ளது. உலக மின்பயன்பாட்டில் அது ஒன்றரை விழுக்காடு. நம் ஜொகூரில் அவை வரிசையாக எழும்புகின்றன. மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும்தான் வருகிறது.

அதில் என் போன்றவர்களின் பங்கு எழுத்தில் இல்லை. யுனிகோடில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்குப் பொதுவாக மூன்று பைட் ஆகிறது என்றாலும், 2000 சொல் கொண்ட சிறுகதை 60 கிலோபைட் அளவில் அடங்கிவிடும். பாரமெல்லாம் நாங்கள் அதன் தலையில் ஏற்றி வைப்பவை. உங்கள் கடிதம் கண்டதும் என் முகப்பை எடைபோட்டுப் பார்த்தேன். தண்ணீர்மலைத் தைப்பூசத்தில் எடுத்த ஒரு புகைப்படம் மட்டுமே 5 மெகாபைட். அதை உள்ளங்கை அகலத்தில் காட்டிக்கொண்டிருந்தேன். அளவைக் குறைத்து, படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்றியதும் 110 கிலோபைட்டுக்கு வந்தது. இரண்டையும் கைப்பேசியில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். சாலையெங்கும் உடைந்து கிடந்த தேங்காய்ச் சில்லுகள்கூட அப்படியே தெரிந்தன. இத்தனை ஆண்டு இதைச் செய்யாமல் விட்டது என் தவறு.

இலக்கியக் கூட்டங்களின் பதிவுகளிலும் இதே நிலைதான். அசையாத மேசை, மாலை, ஒலிவாங்கி, பேசுகிறவரின் முகம். இவற்றை ஒரு மணி நேரம் உயர்தரக் காணொளியாக ஏற்றினால் ஜிகாபைட்டைத் தாண்டிவிடும், கேட்பவர்களோ சமையல் செய்துகொண்டே காதால்தான் கேட்கிறார்கள். ஒலியாக மட்டும் நொடிக்கு 64 கிலோபிட்டில் பதிந்தால் 29 மெகாபைட் போதும். பேச்சுக்கு அந்தத் தரம் தாராளம். இனி என் உரைகள் ஒலியாகவே வரும்.

ஆனால் தரவு பாதியானால் மின்சாரமும் பாதியாகிவிடாது என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் வலையமைப்புக் கருவிகள் நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். நான் பெரிதாக நினைப்பது உங்கள் கடைசி வரியைத்தான். ஒரு திறன்பேசி தன் ஆயுளில் உண்டாக்கும் கரிமத்தில் பெரும்பங்கு, அது கடைக்கு வருமுன்பே, செய்யும்போதே வெளியாகிவிடுகிறது. 1972 முதல் மின்னணுச் சில்லு ஆலைகள் இயங்கும் பாயான் லெப்பாஸ் இருக்கும் தீவில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். ஒரு சில்லுக்குப் பின்னால் எவ்வளவு மின்சாரமும் நீரும் உழைப்பும் இருக்கின்றன என்பது இங்கே பல குடும்பங்களுக்குத் தெரியும். நல்ல நிலையில் உள்ள கைப்பேசியை, பக்கம் திறக்கவில்லை என்பதற்காக ஒருவர் தூக்கிப்போட நேர்ந்தால், அதற்குக் காரணம் பக்கத்தைக் கனமாக்கியவர்தான்.

வகுப்பில் பலர் கைமாறிப் படிப்பதென்றால் அச்சிடுங்கள், தடையில்லை.

தனி எழுத்துருவை நீக்கி, கைப்பேசியிலேயே உள்ள தமிழ் எழுத்துருவில் தெரியும்படி நேற்றிரவு பக்கத்தை மாற்றியிருக்கிறேன். அம்மாவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கொம்பும் காலும் பிரிந்து தெரிந்தால் ஒரு படமெடுத்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்புங்கள், சரிசெய்கிறேன்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து