எல் நினோ ஆண்டில் சம்பா: ஆற்றுக்கு ஒரு கணக்கு, வானத்துக்கு ஒரு கணக்கு

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஆறு ஏக்கரில் சம்பா போடுகிறேன். இந்த ஆண்டு எல் நினோ, மழை பொய்த்துவிடும் என்று ஊரில் பேச்சு. ஆனால் 2015-லும் எல் நினோ என்றார்கள், சென்னையே மூழ்கியது. எதை நம்பி நாற்று விடுவது?

பதில்: ஊர்ப்பேச்சிலும் உண்மை இருக்கிறது, நீங்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு மழையைப் பற்றியவை.

பசிபிக் கடலில் கிழக்கிலிருந்து வீசும் காற்று வெதுவெதுப்பான நீரை இந்தோனேசியா பக்கம் தள்ளிச் சேர்க்கும். அங்கே காற்று மேலெழுந்து மேகம் திரளும். எழுந்த காற்று உயரத்தில் கிழக்கே போய், தென் அமெரிக்கக் கரையருகே கீழிறங்கும். இதற்கு வாக்கர் சுழற்சி என்று பெயர். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கரின் நினைவாக வைத்தது. நம் பருவமழை ஏன் பொய்க்கிறது என்று தேடப்போய்த்தான் அவர் பசிபிக்கின் காற்றழுத்தக் கணக்குகளுக்குள் நுழைந்தார்.

எல் நினோவில் அந்த வெதுவெதுப்பான நீர் கிழக்கே நகர, மேகம் திரளும் இடமும் கூடவே நகர்கிறது. இந்தோனேசியாவிலும் நம் பக்கத்திலும் காற்று கீழிறங்கத் தொடங்கும். இறங்கும் காற்று மேகத்தை வளரவிடாது. 2002, 2009, 2015 ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை நாடு முழுக்கக் குறைந்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. அதற்காக எல் நினோ வந்தாலே வறட்சி என்று சொல்லிவிட முடியாது. 1997-ல் எல் நினோ மிக வலுவாக இருந்தும் தென்மேற்குப் பருவமழை வழக்கமான அளவில் பெய்தது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருக்கும் உங்கள் வயலுக்கு அந்த மழை நேரடியாக வருவது குறைவு. ஆனால் குடகிலும் வயநாட்டிலும் அது பெய்தால்தான் மேட்டூருக்கு நீர் வரும். 2023-ல் ஜூன் 12 அன்று திறந்த அணையை, இருப்பு வற்றியதால் அக்டோபர் 10-ல் மூட வேண்டியதாயிற்று. எல் நினோ ஆண்டில் நீங்கள் அஞ்ச வேண்டியது இதற்குத்தான்.

அக்டோபரில் காற்று திசை மாறி வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் கதையும் மாறுகிறது. இந்தோனேசியா பக்கம் காற்று இறங்குவதால், இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதியில் மேலெழுச்சி கூடும். வங்கக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு கீழைக்காற்று நம் கரைக்கும் இலங்கைக்கும் வலுவாக வரும். 1997-லும் 2015-லும் நடந்தது இதுதான். இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கம் வெதுவெதுப்பாகவும் கிழக்குப் பக்கம் குளிர்ந்தும் இருந்தால் (நேர்மறை இருமுனை என்பார்கள்) இன்னும் சாதகம். 2016-ல் பசிபிக், இந்தியப் பெருங்கடல் இரண்டிலுமே நிலைமை தலைகீழ். தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. ஆனாலும் இது ஒரு சாய்வு மட்டுமே, உத்தரவாதம் அல்ல. 2021 எல் நினோவுக்கு நேர் எதிரான லா நினா ஆண்டு. அந்த நவம்பரில் கொட்டித் தீர்த்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

என் கணிப்பில் டெல்டா விவசாயிக்குப் பருவத்தின் மொத்த மழையைவிட அது எந்த வாரத்தில் பெய்கிறது என்பதே பெரிது. மேடன்–ஜூலியன் அலைவு என்ற மேகக் கூட்டம் 30 முதல் 60 நாட்களில் நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கு நோக்கி உலகைச் சுற்றுகிறது. அது இந்தியப் பெருங்கடலுக்கு மேல் நிற்கும்போது தாழ்வு மண்டலம் உருவாக வாய்ப்பு அதிகம்; பசிபிக்குக்குப் போய்விட்டால் இங்கே மழை ஓயும். 2023 அக்டோபரில் மழை மிகக் குறைவு. டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. அதே மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. பருவ மொத்தம் மட்டும் ஏறக்குறைய வழக்கமான அளவுதான்!

ஆக, ஆகஸ்ட் கடைசியில் மேட்டூர் இருப்பைப் பாருங்கள். குறைவாக இருந்தால் ஆற்று நீரை நம்பி நாற்றங்கால் போட வேண்டாம். புழுதியில் நேரடியாக விதைத்து, செப்டம்பர் வெப்பச்சலன மழையில் முளைக்க விடுவதே மேல். களை கூடும், அந்தச் செலவை முன்கூட்டியே ஒதுக்கிவையுங்கள். சி.ஆர். 1009 போன்ற நீண்டகால ரகம் என்றால் தள்ளிப்போடாதீர்கள். செப்டம்பர் பாதி தாண்டிவிட்டால் 135 நாள் ரகத்துக்கு மாறிவிடலாம். நவம்பர் கனமழைக்குள் பயிர் ஓரளவு உயர்ந்திருக்க வேண்டும், குட்டைப் பயிர்தான் முதலில் அழுகும். தாழ்வான வயல் என்றால் இரண்டு வாரம் வரை மூழ்கலைத் தாங்கும் சப்-1 ரகம் கேளுங்கள். வடிகாலை அக்டோபருக்கு முன்பே தூர்வாரிவிடுங்கள். பயிர்க் காப்பீட்டுக் கெடு பெரும்பாலும் நவம்பர் நடுவில் முடிந்துவிடும்.

இந்திய வானிலைத் துறை வியாழன்தோறும் அடுத்த நான்கு வாரங்களுக்கான முன்னறிவிப்பை வெளியிடுகிறது. மேலுரம் போடும் நாளை அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கனமழை வரும் என்றிருந்தால் யூரியாவைத் தள்ளிவையுங்கள். போட்ட உரம் வடிகாலோடு போய்விடும்.