கேளுங்க, சொல்றேன்: மார்ல்பரோவைத் தாண்டி நியூசிலாந்து

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): நியூசிலாந்து ஒயின் இருக்கான்னு எங்க கேட்டாலும் சாவின்யோன் பிளாங்ங்கிற வெள்ளை ஒயின் ஒண்ணைத்தான் எடுத்து நீட்றாங்க. அங்க வேற திராட்சையே விளையாதா சார்?

பதில்: விளையுது, நல்லாவே விளையுது, ஆனா இந்த ஒண்ணு மத்த எல்லாத்தையும் அமுக்கிடுச்சு. அந்த நாட்டு ஒயின்ல கிட்டத்தட்ட முக்கால்வாசி, தெற்குத் தீவோட வடக்கு முனையில இருக்கிற மார்ல்பரோங்கிற ஒரே ஏரியாவுல இருந்து வருது, அதுலயும் பெரும்பங்கு சாவின்யோன்தான். 1973-ல மொன்டானா கம்பெனி அங்க பெரிய அளவுல கொடி நட இறங்குனப்போ அது செம்மறி ஆடு மேயுற பூமி, கொஞ்ச நாள்லயே சாவின்யோனையும் நட்டாங்க, 1985-ல கிளவுடி பேங்கிற ஒயின் கம்பெனி வந்து வெளிநாட்டுல பேர் வாங்குச்சு, அதுக்கப்புறம் யாரும் பிரேக் போடல.

பகல்ல சுள்ளுனு வெயில், ராத்திரியில சில்லுனு இறங்கிடும், அதனால பழம் நிதானமா பழுக்குது, புளிப்பும் போகல. கிளாஸை மூக்குகிட்ட கொண்டு போனாலே முதல்ல பேஷன் ஃப்ரூட் வாசனை தூக்கும், பின்னாடியே பச்சைக் குடைமிளகாய் நறுக்கும்போது வருமே அந்த வாடை. சும்மா கதை விடல, குடைமிளகாய்க்கு அந்த வாடையைக் குடுக்கிற அதே மெத்தாக்ஸிபைரசின் வகைப் பொருள்தான் இந்தத் திராட்சையிலயும் இருக்கு. மார்ல்பரோவுக்குள்ளயே வைராவ் பள்ளத்தாக்குன்னா பழ வாசனை தூக்கலா இருக்கும், தெற்க தள்ளி இருக்கிற அவாட்டெரேல குளிரும் காத்தும் ஜாஸ்தி, அங்க தக்காளிச் செடி இலையைக் கசக்குன மாதிரி ஒரு பச்சை வாசனை. என்னைக் கேட்டா அவாட்டெரேக்குத்தான் ஓட்டு, எல்லாருக்கும் பிடிக்கும்னு சொல்ல மாட்டேன்.

கேள்வி (மதுரை வாசகர்): சின்ன நாடு, சுத்தி கடல். ஏரியாவுக்கு ஏரியா அப்படி என்ன பெருசா மாறிடப் போகுது?

பதில்: நடுவுல மலை இருக்கே! மேற்குல இருந்து வர்ற ஈரக்காத்தை தெற்குத் தீவுல சதர்ன் ஆல்ப்ஸ் மறிச்சு மொத்த மழையையும் அந்தப் பக்கமே கொட்ட வெச்சிடுது. மேற்குக் கரையில இருக்கிற மில்ஃபோர்ட் சவுண்ட்ல வருஷத்துக்கு 6000 மில்லிமீட்டருக்கு மேல மழை, மலைக்கு இந்தப் பக்கம் சென்ட்ரல் ஒடாகோவுல இருக்கிற அலெக்ஸாண்ட்ராவுல சுமார் 350 தான். அதான் முக்கியமான தோட்டமெல்லாம் கிழக்குப் பக்கமா வரிசையா இருக்கு, கிஸ்போர்ன் ஏரியா ஷார்டனே திராட்சைக்கு, வைபரா ஏரியா ரீஸ்லிங் திராட்சைக்குப் பேர் போனதுன்னு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை வடக்குத் தீவோட கிழக்குக் கரையில இருக்கிற ஹாக்ஸ் பே. 1867-ல பெரிய வெள்ளம் வந்து நாருரோரோ ஆறு பாதையையே மாத்திக்கிச்சு, பழைய ஆத்துப்படுகை வெறும் கூழாங்கல்லா அப்படியே கிடந்துச்சு, ஆடு மேய்க்கக்கூட லாயக்கில்லன்னு நூறு வருஷத்துக்கு மேல யாரும் சீண்டல. 1980-கள்ல சில பேர் துணிஞ்சு அதுல திராட்சை நட்டாங்க, அதே சமயத்துல ஒரு கம்பெனி அங்க ஜல்லி அள்ள குவாரி போடப் பாத்துச்சு, தோட்டக்காரங்க சண்டை போட்டுத் தடுத்தாங்க. கல்லு பகல்ல சூடேறி ராத்திரி அந்தச் சூட்டைக் கொடிக்கே திருப்பிக் குடுக்குது, தண்ணியும் நிக்காது, அதனால இவ்ளோ குளிரான நாட்டுல ஷிரா, மெர்லோங்கிற கறுப்புத் திராட்சைங்களும் ஒழுங்கா பழுக்குது. சுமார் 800 ஹெக்டேர், கிம்லெட் கிராவல்ஸ்னு பேரு. இந்த ஷிரால மிளகு வாசனை வரும் பாருங்க, சாவின்யோனுக்குக் கிடைக்கிற பேர்ல பாதிகூட இதுக்குக் கிடைக்கலங்கிறது எனக்கு இன்னமும் ஆதங்கம்தான்.

கேள்வி (பெங்களூரு வாசகி): பினோ நுவார்ங்கிற சிவப்பு ஒயின் வாங்கணும்னா மார்டின்பரோவா, சென்ட்ரல் ஒடாகோவா?

பதில்: ரெண்டையும் ஒரே நாள்ல ருசிச்சுப் பாத்துடுங்க மேடம், சண்டையே இல்ல. ஒடாகோ 45 டிகிரி தெற்குல, கடலை விட்டுத் தள்ளி மலைக்கு நடுவுல இருக்கு, 1860-கள்ல தங்கம் தோண்ட ஓடுன இடம், அப்பவே ஒரு பிரெஞ்சுக்காரர் அங்க திராட்சை நட்டிருக்கார். கறுப்பு செர்ரி பழம் மாதிரி அடர்த்தியா இருக்கும் அந்த ஒயின். துளிர் விடுற சமயத்துல உறைபனி விழுந்தா வருஷ வருமானமே காலி, அதனால விடியக்காலைல ஹெலிகாப்டரைத் தோட்டத்துக்கு மேல பறக்க விட்டு மேல இருக்கிற வெதுவெதுப்பான காத்தைக் கீழ தள்றாங்க. செலவை யோசிச்சுப் பாருங்க, பாட்டில் விலை ஏன் அப்படின்னு புரியும்.

மார்டின்பரோ வடக்குத் தீவுல, வெலிங்டன்ல இருந்து ஒண்ணரை மணி நேரம் வண்டி. கொஞ்சம் காரசாரமா, மண் வாசனையோட இருக்கும். அங்க பினோ நுவார் கொடியிலயே ஏபல் குளோன்னு ஒரு வகை இருக்கு. 1970-கள்ல யாரோ ஒருத்தர் பிரான்ஸ்ல பெரிய பேர் போன தோட்டத்துல இருந்து ஒரு குச்சியை கம்பூட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சுக் கொண்டு வந்தாராம், ஆக்லாந்து ஏர்போர்ட்ல சிக்கிட்டார், பிடிச்ச கஸ்டம்ஸ் ஆபீசர் மால்கம் ஏபலே திராட்சை வளர்க்கிறவர், அதைத் தூக்கிப் போட மனசு வராம முறைப்படி குவாரன்டைனுக்கு அனுப்பி அப்புறம் தன் தோட்டத்துல நட்டார்னு சொல்றாங்க. அவர்கிட்ட இருந்து அட்டா ராங்கி தோட்டத்து கிளைவ் பேட்டன் குச்சி வாங்கி மார்டின்பரோவுக்குக் கொண்டு போனார். என் காசுன்னா மார்டின்பரோதான்.

கேள்வி (சென்னை வாசகர்): மார்ச் மாசம் ஆக்லாந்து போறேன். தோட்டம் பாக்க முடியுமா?

பதில்: அறுவடை நேரம், சரியான சமயம். ஆக்லாந்துல இருந்து ஃபெரியில சுமார் 40 நிமிஷத்துல வைஹெகி தீவு, அங்கயே நிறைய தோட்டம் இருக்கு. தெற்கே போக நேரம் இருந்தா மார்ல்பரோவுல இருக்கிற பிளெனம் ஊர்ல சைக்கிள் வாடகைக்கு எடுத்து ஒவ்வொரு தோட்டமா போகலாம். கார் ஓட்டுறதா இருந்தா ருசி பாத்துத் துப்பிடுங்க, அதுக்குன்னே பாத்திரம் வெச்சிருப்பாங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க, வண்டி ஓட்டுறவங்க ரத்தத்துல இருக்கலாம்னு விடுற ஆல்கஹால் அளவையே 2014-ல அங்க குறைச்சிட்டாங்க.

கேள்வி (சேலம் வாசகர்): திருகு மூடி போட்ட பாட்டில்னா மட்டமான சரக்குதானே?

பதில்: இல்ல. 2001-ல இருந்தே அங்க ஒயினரிங்க கூட்டா சேர்ந்து திருகு மூடிக்கு மாறிட்டாங்க, கார்க் கெட்டுப்போய் ஒயின் நாறுற தொல்லை தாங்காம. விலை உசந்த பாட்டில்லயும் அதான் இருக்கும். ஆனா சாவின்யோனை வருஷக்கணக்கா அலமாரியில பூட்டி வைக்காதீங்க, வாங்குன ரெண்டு வருஷத்துக்குள்ள முடிச்சிடுங்க.