பெல்ட் நுழையும் இடத்தில் கை வைத்துப் பாருங்கள்

கேள்வி: எங்கள் மகளுக்கு ஐந்து மாதம். கார் பழையது, குழந்தை இருக்கையைக் காரோடு நேரடியாக மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி கிடையாது. முன்னோக்கியும் பின்னோக்கியும் மாற்றிப் பொருத்தக்கூடிய குழந்தை இருக்கை ஒன்றை இணையத்தில் வாங்கி, பின்னோக்கிய நிலையில் சீட் பெல்ட்டால் கட்டியிருக்கிறோம். மேல்பக்கத்தைப் பிடித்து அசைத்தால் ஆடுகிறது. விற்றவரோ "எல்லாம் அப்படித்தான் இருக்கும்" என்கிறார். தைப்பூசத்துக்குப் பினாங்கு போக வேண்டும். இதை நம்பிக் குழந்தையை ஏற்றலாமா?
– ஒரு தாய், செந்தூல்

பதில்: மேல்பக்கத்தைப் பிடித்து அசைத்துப் பார்த்தால் உண்மை தெரியாது. பின்னோக்கிய இருக்கையின் தலைப்பகுதி சற்று அசையத்தான் செய்யும். சீட் பெல்ட் இருக்கைக்குள் நுழையும் இடத்தில் கை வைத்துப் பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் அசையுங்கள். அங்கே இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் கட்டியது போதாது. அவிழ்த்து மறுபடியும் கட்ட வேண்டும். விற்றவரின் பேச்சை இந்த விஷயத்தில் எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் உங்கள் காரைப் பார்க்கவில்லை.

முதலில் பெல்ட் போகும் வழியைப் பாருங்கள். இப்படி இரு வகையிலும் பொருத்தும் இருக்கைகளில் பின்னோக்கிய நிலைக்கு நீல அடையாளமும், முன்னோக்கிய நிலைக்குச் சிவப்பு அடையாளமும் இருக்கும். இரண்டும் ஒரே இருக்கையில் இருப்பதால் மாறிப்போவது மிக எளிது. வழி மாறினால் எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை.

அடுத்தது இறுக்கம். மேடுபள்ளமில்லாத இடத்தில் காரை நிறுத்துங்கள். அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தின் சரிவில் நின்றுகொண்டு இந்த வேலையைச் செய்ய வேண்டாம். ஒருவர் உள்ளங்கையால் இருக்கையை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் பெல்ட்டை இழுப்பது நல்லது. இடுப்புப் பக்கம் குறுக்காகப் படுத்து வரும் பகுதியை முதலில் இறுக்கி, மிச்சத் தளர்வைத் தோள்பட்டைப் பகுதி வழியாக மேலே இழுத்துவிடுங்கள். பெல்ட் எங்கும் முறுக்கிக்கொள்ளாமல் தட்டையாகப் படிய வேண்டும். சீட் பெல்ட் கொக்கியின் கழுத்து இருக்கையின் பிளாஸ்டிக் விளிம்பில் மடங்கி நிற்கிறதா என்றும் பாருங்கள். அப்படி நின்றால் அந்த இடத்துக்கு அந்த இருக்கை பொருந்தவில்லை. பின்னிருக்கையின் வேறு இடத்தில் முயலலாம். ஆனால் பழைய கார்களில் நடுவில் இடுப்புப் பெல்ட் மட்டுமே இருப்பதுண்டு. பெரும்பாலான குழந்தை இருக்கைகளுக்கு அது ஆகாது.

இவ்வளவு இறுக்கியும் மறுநாள் தளர்ந்துவிடுகிறது என்று பலர் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் மலேசியாவில் ஓடும் பெரும்பாலான கார்களின் சீட் பெல்ட், வேகமாக இழுபடும்போதுதான் பூட்டிக்கொள்ளும். மெதுவாக இழுத்தால் நீண்டுகொண்டே வரும். அதனால் இறுக்கத்தைப் பிடித்து வைக்கும் பூட்டுக் கவ்வி குழந்தை இருக்கையிலேயே இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் பெல்ட்டை அதற்குள் வைத்து மூடாமல் விடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த சில இருக்கைகள், கார் பெல்ட்டே பூட்டிக்கொள்ளும் என்று எண்ணி வடிவமைக்கப்பட்டவை. அவற்றை நம் கார்களில் உறுதியாகக் கட்டுவது கடினம். பெல்ட் நீளம் போதவில்லையென்றால் இணைப்புத் துண்டு வாங்கி நீட்டாதீர்கள். இருக்கையை மாற்றுங்கள்.

ஐசோஃபிக்ஸ் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். சரியாகக் கட்டிய சீட் பெல்ட்டும் அதே அளவு பாதுகாப்பானது. ஐசோஃபிக்ஸின் நன்மை, தவறு நேரும் வாய்ப்பைக் குறைப்பதுதான்.

சாய்வும் முக்கியம். இருக்கையின் பக்கவாட்டில் ஒரு கோடோ நீர்மட்டக் குமிழோ இருக்கும். கோடு தரைக்கு இணையாக நிற்க வேண்டும். இருக்கை அதிகம் நிமிர்ந்திருந்தால் தூங்கும் குழந்தையின் தலை முன்னால் தொங்கி, தாடை மார்பில் அழுந்தி மூச்சு தடைபடும். அளவுக்கு மேல் சாய்ந்திருந்தால் விபத்தில் இருக்கை செய்ய வேண்டிய வேலையைச் செய்யாது. ஐந்து மாதக் குழந்தைக்கு எந்தச் சாய்வு என்பதைக் கையேட்டில் பாருங்கள். கையேடு பெட்டியில் வரவில்லையென்றால் விற்றவரிடம் கேட்டு வாங்குங்கள்.

இனி குழந்தையைக் கட்டும் வார். பின்னோக்கிய நிலையில் அது குழந்தையின் தோளுக்குச் சமமாக அல்லது சற்றுக் கீழிருந்து வெளிவர வேண்டும். இறுக்கிய பிறகு தோளருகே வாரை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்புப் பிடிபட்டால் இன்னும் தளர்வு இருக்கிறது. சாரோங் துணியில் சுற்றிய குழந்தையை அப்படியே வைத்துக் கட்டக்கூடாது. முதலில் வார், பிறகு மேலே போர்வை. வெயிலில் நின்ற காராக இருந்தால் கொக்கியின் உலோகத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். அந்தச் சூடு பிஞ்சுத் தோலைப் பொசுக்கிவிடும்.

காற்றுப்பை இயங்கும் முன்னிருக்கையில் பின்னோக்கிய இருக்கையை ஒருபோதும் வைக்காதீர்கள். காற்றுப்பை விரியும் வேகம் குழந்தையின் தலைக்குப் பின்னால் நேராக வந்து மோதும்.

ஒன்றைச் சரிபார்க்க மறக்காதீர்கள். 2020 ஜனவரி 1 முதல் தனியார் கார்களில் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம். உங்கள் இருக்கையில், குழந்தை இருக்கைகளுக்கான ஐ.நா. பாதுகாப்பு விதிகளான ஆர்44 அல்லது ஆர்129 என்று குறிப்பிட்ட ஆரஞ்சு நிற முத்திரை ஒட்டியிருக்க வேண்டும். சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகமான மிரோஸ் வெளியிடும் பட்டியலிலும் தேடிப் பாருங்கள். முத்திரையே இல்லாத, துணி மெத்தையில் நான்கு வார் தைத்த பொருள்கள் மலிவாக விற்கின்றன. அவை குழந்தை இருக்கையே அல்ல.

கோலாலம்பூரிலிருந்து பினாங்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். தைப்பூச நெரிசலில் நேரம் இன்னும் நீளும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிறுத்தி மகளை வெளியே எடுத்துப் பாலூட்டுங்கள். கார் ஓடும்போது அழுகிறாளே என்று மடியில் தூக்கி வைக்க வேண்டாம். அடுத்த ஓய்விடம் வரை அழட்டும். மோதும் வேகத்தில் எந்தத் தாயின் கையாலும் குழந்தையைப் பிடித்து வைக்க முடியாது.

கேள்வி: அத்தை மகன் பயன்படுத்திய இருக்கையைத் தருகிறார். வாங்கலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: அந்த இருக்கை விபத்தில் சிக்கியதில்லை என்று அவர் உறுதியாகச் சொன்னால் மட்டும் யோசியுங்கள். அடிப்பாகப் பிளாஸ்டிக்கில் தயாரித்த தேதியோ காலாவதித் தேதியோ பொறித்திருக்கும். காலாவதி கடந்திருந்தால் வேண்டாம். வார்கள் அறுபடாமலும் கையேடு கூடவும் இருக்க வேண்டும். முன்பின் தெரியாதவரிடம் பழைய இருக்கை வாங்கவே கூடாது என்பது என் முடிவான கருத்து.

கேள்வி: பேரனுக்கு ஒரு வயது நிறைகிறது. கால் மடங்கி உட்கார்கிறான், பார்க்கவே பாவமாக இருக்கிறது. முன்னோக்கித் திருப்பிவிடலாமா?
– ஒரு பாட்டி, ஆயர் ஈத்தாம்

பதில்: வேண்டாம் அம்மா. ஆர்129 இருக்கையில் 15 மாதம் தாண்டாமல் திருப்பவே கூடாது. பழைய ஆர்44 விதி 9 கிலோ எடையிலேயே அனுமதித்தாலும், நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். குழந்தையின் தலை உடலோடு ஒப்பிட்டால் மிகவும் கனம். கழுத்தெலும்பு இன்னும் முற்றவில்லை. முன்புறம் மோதினால் முன்னோக்கி அமர்ந்த குழந்தையின் தலை வீசப்பட்டு, பாரம் முழுவதும் கழுத்தில் இறங்கும். பின்னோக்கி அமர்ந்தவனுக்கு அந்த விசை முதுகு முழுவதும் பரவி இருக்கையில் அடங்கும். கால் மடங்குவது அவனுக்கு வலி தராது. வீட்டில் தரையில் சம்மணமிட்டு விளையாடுகிற பிள்ளைதானே. கையேட்டில் உள்ள எடை அல்லது உயர வரம்பை எட்டும்வரை அப்படியே அமரட்டும்.