விருந்துக்குப் பின் பள்ளத்தில் சேரும் தட்டுகள்

கேள்வி: கோத்தகிரிக்கு அருகிலுள்ள எங்கள் திருச்சபையில் பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளராக இருக்கிறேன். அறுப்பின் பண்டிகை விருந்து முடிந்ததும் காகிதக் குவளைகளும் தெர்மாகோல் தட்டுகளும் ஆலயத்துக்குப் பின்னாலுள்ள பள்ளத்தில் கொட்டப்படுகின்றன. அவற்றைக் காட்டெருமைகள் தின்பதைக் கண்டேன். சபையை நிர்வகிக்கும் சேகரக் குழுவில் இதைச் சொன்னபோது, "சபையின் வேலை ஆத்தும ஆதாயம், குப்பையைப் பற்றிப் பேசுவதல்ல" என்று மூத்தவர் ஒருவர் மறுத்துவிட்டார். சபையாரை எப்படி இணங்கச் செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கண்டது வருந்தத்தக்கது மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட. அசைபோடும் விலங்கின் இரைப்பைக்குள் போன பிளாஸ்டிக் செரிப்பதில்லை, பெரும்பாலும் வெளியேறுவதுமில்லை. வயிறு நிறைந்திருக்கும்போதே அந்த விலங்கு மெலிந்து சாகிறது. இன்னொன்றையும் குழுவினரிடம் எடுத்துச் சொல்லுங்கள்: சோற்று வாசனைக்குப் பழகிய கரடி அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும், இருட்டு விலகுமுன் ஆராதனைக்கு நடந்து வருகிற முதியவர்களும், தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற பெண்களும் அதன் எதிரில்தான் வர வேண்டியிருக்கும்.

அந்த மூத்தவரோடு வாதம் செய்ய வேண்டாம். அவர் மதிக்கிற வேதாகமத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. ஐயாயிரம் பேர் உண்டு திருப்தியடைந்த பின்பு, "ஒன்றும் சேதமாய்ப் போகாதபடிக்கு, மீதியான துணிக்கைகளைச் சேர்த்துவையுங்கள்" என்று இயேசு சீஷர்களிடம் சொன்னதாக யோவான் 6ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். விருந்து முடிந்தபின் செய்ய வேண்டிய வேலையும் விருந்தைச் சேர்ந்ததே என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆயரைத் தனியாகச் சந்தித்து, பண்டிகைக்கு முந்தைய ஞாயிறு இந்தப் பகுதியைப் பிரசங்கிக்கக் கேளுங்கள். கூட்டத்தில் யாரையும் குற்றப்படுத்திப் பேசாதீர்கள். நம் ஊர்ச் சபைகளில் ஒருமுறை முகம் சுருங்கியவர் மறுபடி மலர நெடுநாள் ஆகும்.

ஆனால் பிரசங்கம் மட்டும் தட்டுகளை மாற்றாது. கையில் வேறொன்றைக் கொடுக்காமல் பழையதைக் கைவிடச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆகவே முதல் வேலை, சபைக்கென்று எவர்சில்வர் தட்டுகளும் டம்ளர்களும் சேர்ப்பது. மறைந்த பெற்றோர் நினைவாகப் பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. சுவரில் பளிங்குக் கல் பதிக்க விரும்பும் குடும்பத்தாரிடம், அதற்குப் பதிலாக இரண்டு டஜன் தட்டுகள் தரும்படி கேட்டுப்பாருங்கள். மனமுவந்து தருவார்கள் என்றே நம்புகிறேன். வாழையிலை நல்லதுதான் என்றாலும் உங்கள் மலைக் குளிரில் வாழை எளிதில் வளராது, இலை சமவெளியிலிருந்து ஏறி வர வேண்டும். நிலையான தீர்வு பாத்திரமே. "காகிதக் குவளைதானே" என்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லுங்கள்: அதன் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, 1.1.2019 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களில் அத்தகைய குவளையும் தெர்மாகோல் தட்டும் அடங்கும்.

இனி, யார் கழுவுவது? இந்த முயற்சி நிலைப்பதும் நின்றுபோவதும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அந்த வேலை உங்கள் சங்கத்தார் தலையில் மட்டும் விழுந்தால், இரண்டாவது விருந்திலேயே எல்லாரும் களைத்துவிடுவார்கள். பழைய குவளைகள் திரும்பி வந்துவிடும். பரிமாறும் ஆண்களுக்கும் வாலிபர்களுக்கும் முறை வைத்து, விருந்துக்கு முன்பே பெயர்களை அறிவித்துவிடுங்கள். உண்டவர் தம் தட்டை வழித்து வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். சோப்புத் தண்ணீருக்கு ஒன்று, அலசுவதற்கு இரண்டு என மூன்று தொட்டிகள் இருந்தால் தண்ணீரும் மிச்சமாகும்.

தண்ணீரே இல்லையே என்பார்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஒரு லிட்டர். 200 சதுர மீட்டர் தகரக் கூரையுள்ள ஆலயத்தில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 2,000 லிட்டர் வடிந்து ஓடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் பக்கம் பெய்கிற மழைக்கு ஒரு தகர வடிகாலும் மூடிய தொட்டியும் போதும். முதலில் வடியும் அழுக்கு நீரை விலக்கிவிட்டு, மீதியை முதல் கழுவலுக்கு வைத்துக்கொள்ளலாம்; கடைசி அலசலுக்குக் குழாய் நீரே வேண்டும்.

மிஞ்சிய சோற்றைத் திறந்த குழியில் போடாதீர்கள். குளிரில் அது மெதுவாக மக்கும்; அதற்குள் கரடி வந்துவிடும். அளந்து சமைத்து, மிஞ்சியதை அன்றே தூக்குச் சட்டிகளில் வீடுகளுக்கு அனுப்பிவிடுவதே நல்லது. கல்லறைத் தோட்டத்துப் பிளாஸ்டிக் மாலைகளை இந்த ஆண்டே தொட வேண்டாம். துக்கம் சார்ந்த வழக்கத்தில் கை வைக்கும் முன் சபையாரின் நம்பிக்கையை நீங்கள் பெற்றிருக்க வேண்டும். மரம் நடும் ஆர்வம் வந்தால் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்: யூகலிப்டஸ், சீகை (வாட்டில்) போன்ற அயல் மரங்கள் வேண்டாம், புல்வெளியிலும் நட வேண்டாம். அந்தப் புல்வெளியும் அதையொட்டிய சோலைக்காடும் சேர்ந்துதான் உங்கள் ஓடைகளுக்கு நீர் தருகின்றன.

கடைசியாக ஒன்று. ஆயர்கள் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போவார்கள். அவருடைய ஆதரவில் மட்டும் நிற்கிற ஏற்பாடு அவரோடு போய்விடும். எனவே, சபை விருந்துகளிலும் ஆலய வளாகத்தில் நடக்கும் திருமண விருந்துகளிலும் ஒருமுறை பயன்படுத்தும் தட்டும் குவளையும் கூடாது என்பதைச் சேகரக் குழுவின் தீர்மானமாகவே எழுதி வாங்குங்கள். மண்டபத்தை வாடகைக்குக் கொடுக்கும் ரசீதிலும் அந்த நிபந்தனை இருக்கட்டும். வெளியூரிலிருந்து வருகிற சமையல்காரர் குவளைகளைக் கட்டுக்கட்டாக ஏற்றி வருமுன் அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.