புதன்கிழமை இஞ்ஜெரா

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான்கு மாதங்களுக்கு முன் வேலை மாறி, வட வர்ஜீனியாவில் சென்டர்வில்லுக்குக் குடிவந்தோம். வாஷிங்டனைச் சுற்றியுள்ள இந்தப் புறநகர்களில் எல்லா நாட்டுச் சாப்பாடும் கிடைக்கும் என்று சொன்னார்கள். வாரம் ஒரு கடை என்று கைபேசியில் நட்சத்திரம் பார்த்துப் போய்வருகிறோம். நாலரை நட்சத்திரத்துக்குக் குறைந்த கடை எதற்கும் போனதில்லை. ஆனால் வியட்நாமோ தாய்லாந்தோ சீனமோ, எங்கே போனாலும் ஒரே இனிப்பு, ஒரே சோயா சாஸ். நூறு டாலர் கொடுத்துவிட்டு வந்து வீட்டில் தயிர்சாதம் சாப்பிடுகிறோம். நான் எல்லாம் சாப்பிடுவேன். மனைவி சைவம். இப்போது அம்மாவும் வந்திருக்கிறார், முட்டைகூடத் தொடமாட்டார். நல்ல சின்னக் கடைகளைக் கண்டுபிடிப்பது எப்படி? போனால் என்ன கேட்பது?

ஒரு வாசகர்,
சென்டர்வில்

அன்புள்ள நண்பருக்கு,

இட்லி சாப்பிட மதியம் மூன்று மணிக்கு யாராவது போவார்களா? போனால் காலையில் அவித்து ஆறிப்போனதுதான் கிடைக்கும். அதைத் தின்றுவிட்டு 'இட்லி என்றால் இவ்வளவுதானா' என்று ஒரு வெளியூர்க்காரர் சொன்னால், குற்றம் இட்லியின் மேல் இல்லை. மற்ற நாட்டுக் கடைகளில் நாம் பெரும்பாலும் இந்தத் தவறைத்தான் செய்கிறோம். அந்த ஊர்க்காரர்கள் எந்தக் கடைக்கு, எந்த நாளில், எந்த வேளையில், எதற்காக வருகிறார்கள் என்று பார்க்கவேண்டும். நட்சத்திரம் இதில் எதையும் சொல்லாது.

முதலில் இடம். டவுன் சென்டர் என்ற பெயரில் புதிதாகக் கட்டிய வளாகங்களில் வாடகை அதிகம். அந்த வாடகையைக் கட்ட, தெருவில் போகிற எல்லோரையும் உள்ளே இழுத்தாகவேண்டும். அதனால் காரம் குறையும், சர்க்கரை கூடும், நாற்றம் என்று யாராவது முகம் சுளிக்கக்கூடிய மீன் சாஸும் புளித்த பண்டங்களும் பின்னுக்குப் போகும். நீங்கள் சாப்பிட்ட இனிப்பு அங்கிருந்து வந்ததுதான். நல்ல சமையல், சாலையோரம் வரிசையாகக் கடைகள் கட்டிய பழைய ஸ்ட்ரிப் மால்களில் இருக்கிறது: சலவைக்கடை, பணம் அனுப்பும் கடை, முடிதிருத்தகம், இவற்றுக்கு நடுவில்.

உங்கள் பகுதியின் வரலாறே இதற்குச் சான்று. 1975இல் சைகோன் வீழ்ந்தபின் வந்த வியட்நாமியர்கள் ஆர்லிங்டனில் கிளாரண்டன் கடைத்தெருவில் கடை போட்டார்கள். மெட்ரோ ரயிலுக்காகத் தெருவைத் தோண்டிக்கொண்டிருந்த காலம் அது. கடைகள் காலியாகி வாடகை விழுந்திருந்தது. 1979இல் கிளாரண்டன் நிலையம் திறந்தது, வாடகை ஏறியது, அவர்கள் கிளம்பவேண்டி வந்தது. ஃபால்ஸ் சர்ச்சில் செவன் கார்னர்ஸ் பக்கத்தில் 1984இல் ஈடன் சென்டர் தொடங்கியது, அந்தச் சமையல் அங்கே குடியேறியது. இன்று நூற்றுக்கு மேல் கடைகள். வாசலில் பழைய தென் வியட்நாமின் கொடி, மஞ்சளில் மூன்று சிவப்புக் கோடு, இன்னும் பறக்கிறது. வாடகை ஏறினால் சமையல் அடுத்த மலிவான இடத்துக்கு நகர்ந்துவிடும். ஆகவே பத்து வருடப் பழைய பட்டியலை நம்பிக் கிளம்பவேண்டாம்.

அடுத்தது பக்கத்துக் கடை. அந்த மக்களின் மளிகைக்கடை அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கவுண்டியில் ஹெச் மார்ட், லோட்டே பிளாசா போன்ற கொரியக் கடைகள் பல உண்டு. அவற்றைச் சுற்றி ஐந்து நிமிட நடையில் இருக்கும் உணவகங்களை ஒரு சனிக்கிழமை சும்மா பார்த்துவிட்டு வாருங்கள். மளிகைக்கடை வாசலில் இலவசமாகக் கிடக்கும் அந்த மொழிப் பத்திரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கத் தெரியவேண்டாம், உணவக விளம்பரங்களின் முகவரி போதும்.

வாசலில் நின்று பார்க்கவேண்டியது மெனுவின் நீளம். ஆறு மேசை போட்ட கடையில் 150 வகை இருந்தால், அதில் பெரும்பகுதி உறைபெட்டியிலிருந்துதான் வரும். அனண்டேலில் லிட்டில் ரிவர் டர்ன்பைக் சாலையில் வரிசையாக இருக்கும் கொரியக் கடைகளில் சில, ஒரே பண்டத்தின் பெயரைப் பலகையிலேயே போட்டிருக்கும். எலும்பு சூப் என்றால் எலும்பு சூப், டோஃபுக் குழம்பு என்றால் அதுதான். அங்கே போய்ப் பொரித்த கோழி கேட்கக்கூடாது. உட்கார்ந்ததும் தொட்டுக்கொள்ள வரும் சின்னக் கிண்ணங்களைப் பாருங்கள். கிம்ச்சி என்ற கோஸ் ஊறுகாய் புளித்து, ஓரளவு மொறுமொறுப்பாக, தன் சாறோடு இருந்தால் சமையலறையில் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அம்மாவைக் கொரியக் கடைக்கு அழைத்துப்போகவேண்டாம். கிம்ச்சியில் பெரும்பாலும் உப்பிட்ட இறால், குழம்பின் அடியில் நெத்திலி வடிநீர். கண்ணுக்கே தெரியாது. நீங்கள் மட்டும் போய்வாருங்கள்.

அம்மாவுக்கும் மனைவிக்கும் உரியது எத்தியோப்பியச் சமையல். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும்.

எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரத நாட்கள். அன்று இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கிடையாது. ஈஸ்டருக்கு முன் 55 நாட்கள் தொடர்ந்து விரதம். ஈஸ்டர் முடிந்து 50 நாட்களுக்கு மட்டும் புதன், வெள்ளி விரதம் விலக்கு. அதனால் அந்தச் சமையலில் பருப்பும் காயும் இறைச்சிக்காரர்களுக்குத் துணைக்கு வைத்தவை அல்ல, வருடத்தில் ஏறக்குறைய பாதி நாள் அவர்களுக்கு அதுதான் சாப்பாடு. இறைச்சி இல்லாத தட்டு எல்லா நாளும் கிடைக்கும் என்றாலும், புதன், வெள்ளியில் அதைக் கேட்டு வருகிறவர்கள் அதிகம், பானை சீக்கிரம் காலியாகும், புதிதாக ஏறும். திங்கட்கிழமை போனால் ஞாயிறு இரவின் மிச்சம் சூடாகி வரக்கூடும்.

அவர்களுடைய தோசை போன்ற இஞ்ஜெரா, டெஃப் என்ற கடுகினும் சிறிய தானியத்தின் மாவைக் கரைத்து, இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, பெரிய வட்டக் கல்லில் ஒரு பக்கம் மட்டும் வேகவைப்பது. முட்டையும் பாலும் இல்லை. மேல்பக்கம் முழுக்கப் பொத்தல்கள், அவற்றை அவர்கள் கண்கள் என்கிறார்கள். தட்டு வந்ததும் முதலில் கண்களைப் பாருங்கள். நெருக்கமாக, சீராக இருந்தால் மாவு நன்றாகப் புளித்திருக்கிறது. ஆங்காங்கே அடைத்துத் தடித்திருந்தால் புளிப்பு போதவில்லை, வயிற்றில் கல்லாக உட்காரும். ஓரம் காய்ந்து சுருண்டிருந்தால் நேற்றையது. அமெரிக்காவில் பல கடைகளில் கோதுமையோ பார்லியோ கலக்கிறார்கள். முழு டெஃப் வேண்டுமென்றால் முந்தைய நாளே தொலைபேசியில் சொல்லிவைக்கவேண்டியிருக்கும். நம் வீட்டுத் தோசைப் புளிப்பைவிட ஒரு படி கூடுதல் புளிப்பு. பழைய ஆப்பத்தின் புளிப்பு பிடித்தவர்களுக்கு இது உடனே ஒட்டிக்கொள்ளும்.

விரதத் தட்டுக்குப் பெயர் யெத்சொம் பெயாய்நெத்து. காரமான மசூர் பருப்பு, மஞ்சள் பட்டாணிப் பருப்பு, கீரை, முட்டைகோஸ், பீன்ஸ் என்று ஒரே இஞ்ஜெராமேல் குவியல் குவியலாக வரும். எல்லோருக்கும் சேர்த்து ஒரே தட்டில் வைப்பதுதான் அவர்கள் வழக்கம். உங்களுடைய ஆட்டுக்கறி அதே இஞ்ஜெராவில் வந்து சாறு ஊறினால் அம்மா கை வைக்கமாட்டார். எனவே ஆர்டர் கொடுக்கும்போதே இரண்டு தட்டு தனித்தனியாக என்று சொல்லிவிடுங்கள். அலெக்சாண்ட்ரியாவின் மேற்குப் பக்கத்திலும், பெய்லீஸ் கிராஸ்ரோட்ஸிலும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேரிலாந்தில் சில்வர் ஸ்பிரிங்கிலும் இந்தக் கடைகள் நிறைய.

வியட்நாமியக் கடைக்கும் இதேபோல ஒரு நாள் உண்டு. அவர்களில் பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் மரக்கறி மட்டும் சாப்பிடுவார்கள். அதாவது அமாவாசையும் பௌர்ணமியும். நம் நாள்காட்டியோடு ஒரு நாள் முன்பின் இருக்கலாம். 'சாய்' என்பது மரக்கறிக்கு அவர்கள் சொல். 'வெஜிடேரியன்' என்று கேட்டால் காய் போட்டு மீன் சாஸ் ஊற்றித் தரக்கூடும், 'சாய்' என்று கேட்டால் மீன் சாஸும் வராது. ஈடன் சென்டரில் அந்த இரண்டு நாட்களில் தேடினால் சைவத்துக்குக் குறைவில்லை. உங்களுக்கு: ஃபோ என்ற நூடுல்ஸ் சூப் காலைச் சாப்பாடு, பத்து மணிக்குள் போங்கள். நொய்யரிசிச் சோறு என்றால் கொம் தம், தணலில் சுட்ட பன்றிக்கறியோடு மதியத்துக்கு. அரிசி மாவும் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் சேர்த்து ஊற்றும் பான் ஸெயோ, ரவா தோசைக்கு அக்கா முறை. அதைக் கீரை இலையில் சுருட்டித்தான் சாப்பிடவேண்டும், தட்டில் வைத்து வெட்டினால் இரண்டு நிமிடத்தில் நமுத்துவிடும். சனி, ஞாயிறு மதியம் வண்டி நிறுத்தவே அரைமணி ஆகலாம். சில கடைகளில் ரொக்கம் மட்டும்தான், நாற்பது டாலர் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தென்னமெரிக்கப் பக்கம் வந்தால், பொலிவியர்கள் உங்கள் வட வர்ஜீனியாவில் நிறையப் பேர். அவர்களுடைய சல்தேன்யா காலை பத்து, பதினொரு மணிப் பலகாரம். மதியத்துக்குள் தீர்ந்துபோகும், தீராமல் இருந்தால் யோசிக்கவேண்டும். உள்ளே குழம்பாக இருக்கிறதே, மாவில் எப்படி மூடினார்கள் என்று வியப்பு வரும். கறிக்குழம்பை ஜெலட்டின் சேர்த்துக் குளிரவைத்துக் கட்டியாக்கி, மாவில் பொதிந்து, சூளையில் வைக்கிறார்கள். வேகும்போது குழம்பு மறுபடி இளகும். செங்குத்தாகப் பிடித்து, மேல்முனையைக் கடித்து, சாற்றை உறிஞ்சிக்கொண்டே இறங்கவேண்டும். படுக்கவைத்துக் கடித்தால் சட்டை போயிற்று.

எல் சால்வடார்க்காரர்களின் புபூசாவில் மனைவிக்கும் அம்மாவுக்கும் இடம் உண்டு. சோள மாவு அடைக்குள் பாலாடைக்கட்டியும் லொரோகோ என்ற பூமொட்டும் வைத்துக் கல்லில் சுடுவது. பீன்ஸ் வைத்ததைக் கேட்குமுன் 'மந்தேகா' உண்டா என்று விசாரியுங்கள், அது பன்றிக்கொழுப்பு. சமையலறையிலிருந்து கையால் தட்டும் சத்தம் கேட்கவேண்டும், பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருக்கவேண்டும். இரண்டு நிமிடத்தில் வந்தால் முன்பே சுட்டு வைத்தது. பக்கத்தில் ஹெர்ண்டனிலேயே கிடைக்கும், அலையவேண்டாம்.

சீனச் சமையலுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும். அங்கே பலகையைவிடச் சமையல்காரர் முக்கியம். பீட்டர் சாங் என்ற சிச்சுவான் சமையல் வல்லுநர் சீனத் தூதரகத்தைவிட்டு 2003இல் வெளியேறி, ஃபேர்ஃபாக்ஸ், அலெக்சாண்ட்ரியா என்று கடை மாறிக்கொண்டே இருந்தார். ருசி அறிந்தவர்கள் அவரைத் தேடிப் பின்னாலேயே போனார்கள். பலகை மாறாமல் கை மாறும். அதனால் மதிப்புரைகளில் கடைசி மூன்று மாதப் படங்களை மட்டும் பாருங்கள். அதிலும் வாடிக்கையாளர் எடுத்த படங்களை. 'சிரிக்கவில்லை', 'தண்ணீர் மறுபடி ஊற்றவில்லை' என்ற குறைகளைத் தாண்டிப் போங்கள், நல்ல கடைகளின் நட்சத்திரம் குறைவதே அதனால்தான். 'சப்பென்று இருந்தது', 'காய்ந்திருந்தது' என்றால் நிற்கவும்.

மெனுவில் இல்லாததும் உண்டு. செவன் கார்னர்ஸ் பக்கம் பாங்காக் கோல்டன் என்ற தாய்லாந்து உணவகத்தில், செங் லுவாங்ராத் 2010 முதல் தன் லாவோஸ் நாட்டுச் சமையலைக் கேட்பவர்களுக்கு மட்டும் பரிமாறினார். அதைத் தேடி வந்த கூட்டம்தான் 2014இல் வாஷிங்டனில் அவர் திப் காவ் என்ற லாவோஸ் உணவகத்தைத் திறக்க வழிசெய்தது. எனவே 'எது நன்றாக இருக்கும்?' என்று கேட்காதீர்கள். கேட்டால், உங்களைப் போன்றவர்கள் வழக்கமாக வாங்குவதைக் காட்டுவார்கள். 'உங்கள் ஊர்க்காரர்கள் இங்கே வந்தால் என்ன கேட்பார்கள்?' என்று கேளுங்கள். பக்கத்து மேசையைக் காட்டி 'அது என்ன?' என்பதிலும் வெட்கம் வேண்டாம்.

சுத்தம் பற்றிக் கவலையிருந்தால், வர்ஜீனியா சுகாதாரத்துறை ஒவ்வொரு உணவகச் சோதனை அறிக்கையையும் இணையத்தில் போடுகிறது. தரை ஓடு உடைந்தது, விளக்குக்கு மூடி இல்லை என்பவற்றை விடுங்கள். குளிர்பெட்டி 41 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல், கை கழுவும் இடத்தில் சோப்பு இல்லை என்ற குறிப்புகள் அடுத்தடுத்த சோதனைகளிலும் வந்தால் அந்தக் கடை வேண்டாம்.

வரும் புதன்கிழமை அம்மாவோடு எத்தியோப்பியக் கடையில் தொடங்குங்கள். மாலை ஆறரைக்குள் போய்விடுங்கள். மூன்று பேருக்கு இரண்டு விரதத் தட்டே போதும், இஞ்ஜெரா கூடுதலாகக் கேட்டால் தருவார்கள். அதோடு ஒரு ஷிரோ சொல்லுங்கள். கடலை மாவும் மிளகாய்ப் பொடியும் சேர்த்து மண்சட்டியில் தளதளவென்று கொதித்தபடி வரும். பொசெனா ஷிரோ என்று இன்னொன்றும் மெனுவில் இருக்கும், அதில் கறித்துண்டு உண்டு. பெயரைச் சரியாகச் சொல்லுங்கள்.