பழைய காரின் ரேடியோவில் கைத்தொலைபேசிப் பாட்டு: கேள்வி-பதில்

கல்லடியிலிருந்து ஒரு வாசகர்: என்னுடையது ஜப்பானில் பாவித்து இங்கு இறக்கப்பட்ட 2003ஆம் ஆண்டுக் கொரோலா. சிகரட் லைட்டர் குழியில் செருகி, கைத்தொலைபேசிப் பாட்டை ரேடியோவுக்கு அலையாக அனுப்பும் எஃப்.எம். கருவி ஒன்றை வாங்கி, அதிலும் ரேடியோவிலும் 88 என்று வைத்தேன். இரைச்சல்தான் வருகிறது. கருவி பழுதா?

கருவியைக் குறை சொல்வதற்கு முன் அன்ரனா வயரைப் பாருங்கள். ஜப்பானுக்கென்று செய்த அந்தக் கால ரேடியோக்கள் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையே பிடிக்கும். நம் நாட்டு நிலையங்களோ 87.5 முதல் 108 வரை பரவியிருக்கின்றன. ஆகவே அன்ரனாவுக்கும் ரேடியோவுக்கும் இடையில் 'பேண்ட் எக்ஸ்பாண்டர்' என்ற சிறு பெட்டியைப் பொருத்துவார்கள். அது உள்ளே வரும் அலைவரிசைகளையெல்லாம் ஒரு குறித்த அளவு கீழிறக்கித்தான் ரேடியோவுக்குக் கொடுக்கும். உங்கள் பெட்டி 18 குறைப்பதாயின், நீங்கள் அனுப்பும் 88 அங்கே 70 ஆகி, ரேடியோவின் எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. கருவியை 106இலும் ரேடியோவை 88இலும் வைத்துப் பாருங்கள். எவ்வளவு குறைகிறது என்பதை அறிவதும் எளிது: உங்களுக்குத் தெரிந்த நிலையமொன்றின் உண்மையான எண்ணிலிருந்து, அது கேட்கும்போது ரேடியோ முகப்பில் தெரியும் எண்ணைக் கழித்தால் போதும். மட்டக்களப்பில் வெறுமையாக இருக்கும் எண்ணை அம்பாறைப் பக்கம் வேறொரு நிலையம் பிடித்திருக்கலாம். அப்போது இந்தச் சிறு கருவியால் அதை வெல்ல முடியாது. எல்லாம் சரியாக அமைந்தாலும் எஃப்.எம். வழியே 15 கிலோஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி வராது என்பதால், வேறு வழி இல்லாதவர்களுக்கே இதை நான் சொல்வேன்.

கல்முனையிலிருந்து: என் காரில் கசெற் மட்டுமே உண்டு. கசெற் வடிவில் வரும் அடாப்டர் பயன்படுமா?

நன்றாகவே பயன்படும், எஃப்.எம். கருவியை விட இதையே நான் விரும்புவேன். அடாப்டருக்குள் இருக்கும் சிறு காந்தத் தலை, ரேடியோவின் கசெற் தலைக்கு நேரடியாக ஒலியைக் கொடுக்கிறது. முதலில் அந்தத் தலையைப் பஞ்சில் தொட்ட ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடையுங்கள். செருகியவுடன் பக்கம் மாறி மாறி ஓடினாலோ வெளியே தள்ளினாலோ, அடாப்டரின் பற்சக்கரம் இறுகியிருக்கலாம். அது சுற்றாவிட்டால் நாடா முடிந்துவிட்டது என்று இயந்திரம் எண்ணிக்கொள்ளும்.

அக்கரைப்பற்றிலிருந்து: ரேடியோவின் பின்புறம் வெளிக் கருவியின் ஒலியைச் செருகும் ஆக்ஸ் சொக்கற்றில் புளூடூத் கருவி பொருத்தினோம். அக்சிலேற்றரை மிதித்தால் கீச்சென்ற ஒலியும் கூடவே ஏறுகிறது.

இது காரின் மின்சாரத்தை உண்டாக்கும் அல்டர்னேட்டரின் ஒலி, எர்த் வழியாக நுழைகிறது. கருவிக்குக் காரிலிருந்து போகும் மின்சாரத்தைக் கழற்றி, தனி பவர் பேங்க்கில் இயக்கிப் பாருங்கள். கீச்சொலி நின்றுவிட்டால் காரணம் உறுதி. ரேடியோ எர்த் எடுக்கும் அதே இடத்திலேயே கருவிக்கும் எர்த் கொடுப்பது முறையான தீர்வு. அதற்கு இடமில்லையென்றால், ஒலி வயரின் நடுவே, எர்த் வழி வரும் இரைச்சலைத் தடுக்கும் 'கிரவுண்ட் லூப் ஐசோலேற்றர்' போடலாம். மலிவானவை பேஸ் ஒலியை மெலியச் செய்யும். டொயோட்டாவின் தொழிற்சாலை வயர்களில் பொதுவாக மண்ணிறம் எர்த், சாம்பல் நிறம் சாவி திருப்பினால் வரும் மின்சாரம், நீலத்தில் மஞ்சள் கோடு போட்டது எப்போதும் இருக்கும் மின்சாரம். ஆயினும் மீற்றரால் அளந்த பின்னரே தொடுங்கள். கருவியை நீல-மஞ்சளில் கட்டிவிட்டால், சில நாட்கள் ஓடாமல் நிற்கும் கார் பற்றரி இறங்கிக் கிடக்கும்.

ஏறாவூரிலிருந்து: பழைய செற்றைக் கழற்றிவிட்டு அன்ட்ரொயிட் திரை போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பாட்டுக்காக மட்டும் என்றால் தேவையில்லை. முதலில் செற்றின் பின்புறத்தில் சீ.டி. சேஞ்சருக்கான (பல சீ.டி.க்களை மாற்றி மாற்றிப் போடும் தனிப் பெட்டி) சொக்கற் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சேஞ்சர் போல நடித்து ஆக்ஸ் வழியைத் திறந்துவிடும் அடாப்டர்கள் பல மொடல்களுக்குக் கிடைக்கின்றன. செற்றை இழுத்தெடுப்பதற்கு முன் பற்றரியின் நெகட்டிவ்வைக் கழற்றுங்கள். உங்களுடையது ஹொண்டாவாக இருந்தால் அதற்கும் முன்பே ரேடியோவின் இரகசிய எண் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல ஹொண்டா செற்றுகள் மின்சாரம் அறுந்ததும் அந்த எண்ணைக் கேட்டுக்கொண்டு ஊமையாக நிற்கும்.