மரம் எப்படிப் பருக்கிறது என்று கேட்கும் மகளுக்கு

ஐயா, மரம் எப்படிப் பருக்கிறது என்பதை ஆராயப் படிக்க விரும்பும் உங்கள் மகளைப் பற்றி, 'மரம் பருப்பதைப் படித்து என்னத்தைச் சாப்பிடுவாள்?' என்று எழுதியிருந்தீர்கள். கோத்தகிரியில் பச்சைத் தேயிலை விலையை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர் கேட்க வேண்டிய கேள்விதான்.

முதலில் அவள் கேட்பது என்ன என்று பார்ப்போம். தேயிலைக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக்கின் பட்டையை உரித்தால், உள்ளே ஈரமாக வழவழவென்று இருக்குமே, புதுச் செல்களை உண்டாக்கும் கேம்பியம் என்ற மெல்லிய அடுக்கு அங்கேதான் இருக்கிறது. உள்பக்கம் நீரைக் கடத்தும் சைலத்தையும் வெளிப்பக்கம் உணவைக் கடத்தும் ஃபுளோயத்தையும் அது உண்டாக்குகிறது. நாம் அறுக்கும் கட்டை அந்த சைலம்தான். இந்த வளர்ச்சியை முடுக்கும் மரபணு எது, அடக்கும் மரபணு எது? இதுதான் அவள் கேள்வி. மரபணுவைக் குறிபார்த்து வெட்டும் கிரிஸ்பர் முறையில் ஒன்றை முடக்கிவிட்டு, தண்டு மெலிகிறதா, செல்களின் வரிசை குலைகிறதா என்று குறுக்குவெட்டில் பார்ப்பார்கள். இந்த வேலைக்குப் பெரும்பாலும் பாப்லர் மரம்தான். அதன் மரபணுத் தொகுதியை, அதாவது மொத்த டி.என்.ஏ.வையும், 2006-லேயே வாசித்துவிட்டார்கள். துண்டுத் திசுவிலிருந்து கன்றும் எடுக்கலாம். மற்ற பல மரங்கள் இந்தக் கட்டத்தில்தான் மக்கர் பண்ணும். ஒரு கன்று தலைகாட்டுவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஆகாது.

சரி, எங்கே சேர்ப்பது? 'ஜெனடிக் எஞ்சினியரிங்' (மரபணுப் பொறியியல்) என்ற பெயருக்காகத் தனியார் கல்லூரியில் லட்சக்கணக்கில் கடன் வாங்கிக் கட்டாதீர்கள். இளநிலையில் அடிப்படை அகலமாக இருக்கட்டும். மலையிறங்கினால் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி. நான்கு ஆண்டு வனவியல் பட்டம், நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. வனத்துறைத் தேர்வுகளுக்கும் அது உதவும். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் தாவரவியல். நான் முதலில் சொல்வது மேட்டுப்பாளையத்தைத்தான்.

ஆராய்ச்சிதான் என்றால் இளநிலை, முதுநிலை, முனைவர் பட்டம் எல்லாம் சேர்த்துப் பத்து வருஷம் தாண்டும். முதுநிலைக்குப் பின் எழுதும் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் தகுதி) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அதுவரை வீடு தாங்குமா என்பதை அவளை வைத்துக்கொண்டே பேசுங்கள். நடுவில் நிறுத்த நேர்ந்தாலும், துண்டுத் திசுவிலிருந்து கன்று எடுக்கும் திசு வளர்ப்பு கைவந்திருந்தால் வாழைக் கன்று தயாரிக்கும் ஆய்வுக்கூடங்களில் வேலை கேட்கலாம்.

அப்புறம், விண்ணப்பம் போடும் முன் ஒருநாள் கோவைக்குப் போய் காஸ் வன அருங்காட்சியகத்தைப் பாருங்கள். அங்கிருக்கும் மரக்கட்டைகளை அவள் உங்களுக்கு விளக்கிச் சொல்லட்டும்.